பகிர்ந்த இன்பம் வீண்பொழுதா?

சேர்வராயன் மலையில் தோன்றும் சரபங்கா ஆறு ஓமலூரைக் கடந்தே காவிரியை நாடிச் செல்கிறது. ஆண்டில் பல திங்கள் அதில் நீரினும் மணலே மிகுதி. அவ்வாற்றின் அருகே சிறு பாலமொன்றின் கைப்பிடிச் சுவரில், மாலைதோறும் முதியவர் நால்வர் அமர்ந்திருப்பர். ஒருவர் தறி நெய்து ஓய்ந்தவர். ஒருவர் இருப்புப்பாதைப் பணியில் ஓய்வு பெற்றவர். ஒருவர் மாந்தோப்புக்குக் காவல் இருந்தவர். நான்காமவர் திருவிழாக்களில் பம்பை அடித்தவர். அவர்கள் நடுவே வேகவைத்த நிலக்கடலைப் பொட்டலம் ஒன்று. மாங்காய்க் காலமெனில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்க் கீற்றுகள். பம்பைக்காரர் சுவரிலேயே விரலால் தாளமிட, தறிக்காரர் பழைய தெருக்கூத்துப் பாட்டு ஒன்றை முனகுவார். மலைமீது வெயில் மங்கும் வரை அவ்வளவே அவர்தம் அலுவல்.

நோயாளிகளைச் சந்தித்துத் திரும்பும்போது நாம் அவ்வழியே வருவதுண்டு. "சாமி, ஒரு நிமிசம் உக்காந்துட்டுப் போங்க" என்று தறிக்காரர் அழைப்பார். "வேலை இருக்குதுங்க, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்போம். மூன்றாண்டுகள் இவ்வழைப்பும் இம்மறுமொழியும் தொடர்ந்தன. அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. சென்ற ஆண்டு அவரை நாமே அடக்கம் செய்தோம்.

அடக்கம் முடிந்த சில நாள்களில் பம்பைக்காரர் பங்கு இல்லத்துக்கு வந்தார். திண்ணையில் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "சாமி, இருவது வருசமா சாயங்காலத்தை அந்தச் சுவத்து மேலயே போக்கிட்டோம். அந்த நேரத்துல நாலு செபமாலை சொல்லியிருக்கலாம், நாலு காசு சம்பாரிச்சிருக்கலாம். அவரு ஆண்டவர் முன்னால போயி நிக்கறப்போ, அதையெல்லாம் வீணாப் போனதுன்னு கணக்கெழுதி வெச்சிருப்பாருங்களா?"

குருமடத்தில் கற்ற விடை நம் நாநுனியில் நின்றது. காலம் இறைவன் தந்த தாலந்து. அதைப் புதைத்து வைப்பவன் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆயினும் அம்முதியவரின் முகத்தைப் பார்த்தபின் அவ்விடை வெளிவரவில்லை. அன்று தொடங்கிய சிந்தனையையே வாசகர்களோடு இங்குப் பகிர்ந்து கொள்கிறோம்.

இன்பத்தின் மீது சமயம் கொண்ட ஐயத்தில் ஓர் உண்மை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். புனித அகுஸ்தீனார் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் இசையைப் பற்றிக் கலங்குகிறார். மிலான் நகரத் திருச்சபையின் பாடல்கள் தம்மை மனமாற்றத்தின் காலத்தில் அழச் செய்தன என்பதை அவர் மறக்கவில்லை. எனினும் பாடலின் பொருளைவிடப் பாடும் குரலில் மனம் மிகுதியாக ஈடுபடும்போது தாம் தவறியதாகவே உணர்கிறார். நமக்கும் இந்த அனுபவம் உண்டன்றோ? நாக்கும் செவியும் நமக்குப் பணியாளராக வந்து தலைவராக அமர்ந்துவிடுவது எளிது.

ஆனால் அதே நூலின் நான்காம் பகுதியில் அதே அகுஸ்தீனார் வேறொன்றைச் சொல்கிறார். உயிர்த்தோழன் ஒருவனை இழந்து ஊரே இருண்டுபோன நாளில் தம்மைத் தேற்றியவை எவை என்று எண்ணிப் பார்க்கிறார். நண்பர்களோடு பேசியது, சிரித்தது, ஒன்றாக நூல் படித்தது, கருத்து மாறுபட்டும் கசப்பின்றி இருந்தது, வாராதவரை எதிர்நோக்கி ஏங்கியது ஆகியவையே அவை. சிறுசிறு சுள்ளிகள் சேர்ந்து நெருப்பாவதுபோல், இவை பல உள்ளங்களை ஒன்றாக்கின என்று அவர் கண்டார். நிலையற்ற மனிதரை நிலையானவராகக் கருதி அன்பு செய்ததையே அவர் பிழை என்கிறார், அந்த அன்பையன்று. இறைவனில் நண்பரை அன்பு செய்பவர் எவரையும் இழப்பதில்லை என்பது அவர் வந்தடைந்த முடிவு.

புனித தோமா அக்குவினார் இன்னும் தெளிவாகப் பேசுகிறார். உழைத்த உடலுக்கு ஓய்வு தேவைப்படுவது போலவே உழைத்த உள்ளத்துக்கும் ஓய்வு தேவை என்றும், அந்த ஓய்வு இன்பமே என்றும் அவர் தமது பெருநூலில் வாதிடுகிறார். திருத்தூதர் யோவானைப் பற்றிய பழங்கதை ஒன்றையும் அங்கே எடுத்தாள்கிறார். சீடரோடு விளையாடிக் கொண்டிருந்த யோவானைக் கண்டு சிலர் இடறல் பட்டனர். அவர்களுள் வில் ஏந்திய ஒருவனை அம்புகளைத் தொடுக்கச் சொன்ன யோவான், இடைவிடாது இப்படியே செய்ய இயலுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனித மனமும் அவ்வாறே என்றார் யோவான். அதோடு நில்லாமல், தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாக இருப்பது பகுத்தறிவுக்கு முரணானது, எனவே அதுவும் குற்றமே என்று தோமா கூறுகிறார். இதைக் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதினோம். பாலத்துச் சுவரைக் கடந்தபோதோ அது நம் நினைவுக்கு வரவில்லை.

எனில் எல்லா இன்பமும் நன்றோ? அப்படியும் சொல்வதற்கில்லை. இங்கு நமக்கு வழிகாட்ட அண்டை நாட்டிலேயே ஒருவர் இருக்கிறார். ஓமலூரிலிருந்து தொப்பூர்க் கணவாய் வழியே வடக்கே சென்றால் தருமபுரி. அதுவே பண்டைத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலை புறநானூற்றில் 235-ஆம் பாட்டாக உள்ளது. வேந்தனை இழந்த புலவர் அவன் வென்ற போர்களைப் பட்டியலிடவில்லை. கள் சிறிதளவே கிடைத்தால் அதை எங்களுக்குத் தந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் பாட மகிழ்ந்து தானும் உண்பான். சோறு சிறிதாயினும் பெரிதாயினும் பலரோடு உண்பான் என்றே புலம்புகிறார். உடன் உண்டதும் உடன் பாடியதுமே இறந்தவனைப் பற்றி எஞ்சி நின்ற நினைவு. (மது எத்தனையோ குடும்பங்களைக் குலைத்திருக்கும் இந்நாளில் அக்கள்ளை நாம் பரிந்துரைக்கவில்லை; பகிர்ந்த கையைத்தான் சுட்டுகிறோம்.)

அப்பாட்டில் இன்னும் ஒரு செய்தி உண்டு. இறைச்சி உள்ள இடத்தை எங்களுக்குத் தருவான். அம்பும் வேலும் வரும் இடத்தில் தானே நிற்பான் என்கிறார் ஔவையார். இன்பம் நல்லதா என்பதற்கு இதைவிடச் சிறந்த உரைகல் எது? இனியதைப் பிறருக்கு முன்வைத்து, துன்பத்தைத் தன்மேல் ஏற்கும் நட்பில் விளையும் இன்பம் நல்லது. இனியதற்குக் கூடி, இடர் வந்ததும் கலைவது வெறும் கூட்டமே.

இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும். அச்சுவரில் யாருக்கு இடமுண்டு? லூக்கா நற்செய்தியில் வரும் செல்வன் நாள்தோறும் விருந்துண்டு இன்புற்றான். அவன் விருந்தைவிட, வாயிலில் கிடந்த இலாசரைக் காணாத அவன் கண்ணே அவனைத் தீர்ப்புக்கு உள்ளாக்கியது. தன் சாதியாரை மட்டும் அழைக்கும் பந்தியும், ஏழை உறவினரை ஒதுக்கும் விழாவும் எத்தனை இன்னிசை ஒலித்தாலும் அவ்விருந்தின் வழியில் வந்தவையே. நாம் அறிந்தவரை, பாலத்துச் சுவரின் நால்வரும் ஒரே தெருவினர் அல்லர், ஒரே சாதியினரும் அல்லர், ஒரே சமயத்தினரும் அல்லர். பொட்டலமோ ஒன்றே. வழிப்போக்கர் நின்றாலும் ஒரு கைப்பிடிக் கடலை அவருக்கு உண்டு. இருப்புப்பாதைக்காரர் மனைவி நோயுற்றபோது மற்ற மூவரும் முறைவைத்து மருத்துவமனையில் இரவு தங்கினர் என்பதையும் பின்னர் அறிந்தோம்.

நம் ஆண்டவரையும் இங்கே எண்ணிப் பார்ப்போம். உண்பவர், குடிப்பவர், வரிதண்டுவோரின் நண்பர் என்று அவரைப் பழித்தனர். உயிர்த்தெழுந்தபின் அவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, களைத்து வந்த நண்பரைக் காலை உணவுக்கு அழைத்தார். பேதுருவிடம் தம் ஆடுகளை ஒப்படைத்தது அவர்கள் உண்ட பின்னரே. பணி முக்கியமே, ஆயினும் அன்று உணவு முந்தியது.

அதே ஆண்டவர் சொன்ன விருந்து உவமை ஒன்றுதான் நம்மை இறுதியில் குத்தியது. அழைக்கப்பட்டோர் ஒவ்வொருவராகச் சாக்குச் சொன்னார்கள். ஒருவன் வயல் வாங்கினான். ஒருவன் ஏர்மாடுகள் வாங்கினான். ஒருவனுக்குத் திருமணம் ஆகியிருந்தது. இவற்றுள் எது பாவம்? எதுவுமில்லை. எல்லாம் முறையான வேலைகளே. அவ்வேலைகளின் பெயரால்தான் விருந்து மறுக்கப்பட்டது. "வேலை இருக்குதுங்க" என்று மூன்றாண்டுகள் சொன்னவர் யார்? கணக்கெழுதும் புத்தகத்தைப் பற்றி அஞ்ச வேண்டியவர் பம்பைக்காரரா, நாமா?

அவர் கேட்ட கேள்விக்கு இவ்விளக்கங்களையெல்லாம் நாம் சொல்லவில்லை. "வீணாப் போனதுன்னு எழுதியிருக்க மாட்டாருங்க. நாளைக்குச் சாயங்காலம் நானும் அங்க வர்றேன்" என்றோம்.

மறுநாள் சென்றோம். மூவரும் இருந்தனர். தறிக்காரர் அமரும் இடத்தை அவர்கள் வெறுமையாகவே விட்டிருந்தனர். பம்பைக்காரர் துண்டால் அவ்விடத்துத் தூசியைத் தட்டிவிட்டு, "உக்காருங்க சாமி" என்றார். அமர்ந்தோம். கடலை கை மாறியது. சேர்வராயன் மலை மெல்ல நீலமாயிற்று. பாட மட்டும் அன்று ஒருவருமில்லை.

அன்பர்களே, உங்களையும் யாரேனும் ஒரு நிமிடம் அமரச் சொல்லி அழைத்துக் கொண்டிருக்கலாம். அழைப்பவர் இருக்கும்போதே அமர்ந்துவிடுங்கள்.