கையில் இல்லாத சரக்கும் காகிதத்தில் மட்டும் இருக்கும் கம்பெனியும்

 



சென்ற ஜும்ஆ முடிந்து படியிறங்கும்போது ஓர் இளைஞர் வந்து கேட்டார்: "ஹஜ்ரத், ஷேர் மார்க்கெட் ஹலால்தானே? பேங்க் ஷேர், சாராயக் கம்பெனி ஷேர் எதையும் நான் தொடுறதில்ல." பேணுதலான பிள்ளை என்று சந்தோஷப்பட்டேன். "எந்தக் கம்பெனி ஷேர் வைத்திருக்கிறீர்கள் தம்பி?" என்றேன். "ஷேர் எதுவும் இல்ல ஹஜ்ரத். ஆப்ஷன் மட்டும்தான் பண்றேன்" என்றார்.

இரண்டும் ஒன்றல்ல. பங்கு வாங்கினால் ஒரு தொழிலில் உங்களுக்கு உண்மையாகவே பங்குண்டு. நிஃப்டி ஆப்ஷனில் உங்களுக்கு எதில் பங்கு? நிஃப்டி என்பது ஓர் எண். அதை யாரும் உங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்க முடியாது. எக்ஸ்பைரி நாளில் அந்த எண் எங்கே நிற்கும் என்பதற்குப் பிரீமியம் கட்டுகிறீர்கள். சரியாக நின்றால் பணம், இல்லையென்றால் கட்டியது போயிற்று. ஒருவர் பெறுவது இன்னொருவர் இழந்தது. இடையில் தரகும் வரியும் கழியும்.

ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) வியாபாரி. தம்மிடம் இல்லாத சரக்கைக் கேட்டு ஆட்கள் வருவார்கள். விலை பேசிவிட்டு, பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று அண்ணலார் தடுத்தார்கள் (திர்மிதீ, அபூதாவூத்). என்ன கிடைக்கும் என்றே தெரியாத 'ஙரர்' வியாபாரத்தையும் தடுத்தார்கள் (முஸ்லிம்). அதே சமயம், மதீனத்து விவசாயிக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்து, அளவு, எடை, தவணை மூன்றையும் பேசி, விளைந்தபின் வாங்கும் 'ஸலம்' ஒப்பந்தத்தை அனுமதித்தார்கள். அங்கே நிலம் இருக்கிறது, விளைச்சல் இருக்கிறது, இருவருக்கும் தேவை இருக்கிறது. ஆக, நாளைய சரக்கை இன்று பேசுவது எல்லாமே ஹராம் என்று யாரும் சொல்லவில்லை. பாமாயில் ஃபியூச்சர்ஸ் போன்றவற்றில் மலேசிய ஆலிம்கள் சிலருக்கு இலகுவான கருத்தும் உண்டு. ஆனால் உலகச் சந்தைகளில் நடக்கும் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் கூடாது என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1992-லேயே தீர்மானித்துவிட்டது.

கிதாபை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் 93 சதவீதத்தினருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய். அந்தப் பணம் எங்கே போனது? 2023-24-இல் மட்டும் செலவு கழிக்குமுன் தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்குகள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் பார்த்தார்கள். அந்த வெளிநாட்டு லாபத்தில் கிட்டத்தட்ட முழுவதும் கம்ப்யூட்டர் அல்காரிதம் சம்பாதித்தது. இரவு இஷாவுக்குப்பின் யூட்யூபில் பாடம் கேட்டுவிட்டு, மறுநாள் காலை யாரோடு மோதுகிறோம் என்று புரிகிறதா?

உலகம் விழித்துக்கொள்ளாமல் இல்லை. கடன்பட்ட நாடு திவாலாகும் என்று, அந்தக் கடன் பத்திரத்தை வைத்திராதவர்களும் காப்பீடு வாங்கி வந்தார்கள். பக்கத்து வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டுவிட்டு, எப்போது தீப்பிடிக்கும் என்று காத்திருப்பதைப் போல. கிரீஸ் நெருக்கடிக்குப்பின் ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பர் 1 முதல் இதைத் தடைசெய்தது. செபியும் 2024 அக்டோபரில் விதிகளை இறுக்கியது. குறைந்தபட்ச ஒப்பந்த மதிப்பு 15 லட்சம்; ஒரு சந்தைக்கு ஒரு வாராந்திர எக்ஸ்பைரி மட்டும். அதற்குப் பிறகும் 2024-25-இல் 91 சதவீதத்தினருக்கு நஷ்டம்தான்.

"அரசாங்கமே அனுமதிக்கிறதே ஹஜ்ரத்" என்றார் அந்தத் தம்பி. இதே வார்த்தையைத்தான் பெரிய கம்பெனிகளும் வரி விஷயத்தில் சொல்கின்றன.

ஆப்பிள் கம்பெனியின் அயர்லாந்துக் கிளை, லாபத்தில் பெரும்பகுதியை ஒரு 'தலைமை அலுவலகத்தின்' கணக்கில் எழுதியது. அந்த அலுவலகத்துக்கு ஊழியர் இல்லை, கட்டடம் இல்லை. காகிதத்தில் மட்டும் இருந்தது என்று ஐரோப்பிய ஆணையம் 2016-இல் சொன்னது. 2014-இல் பத்து லட்சம் யூரோ லாபத்துக்கு 50 யூரோ வரி! அயர்லாந்து கொடுத்த அந்தச் சலுகை சட்டவிரோதம். 1,300 கோடி யூரோவை வசூலிக்க வேண்டும் என்று 2024 செப்டம்பர் 10-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்தது. பெருநிறுவனங்கள் எங்கே கணக்குக் காட்டினாலும் குறைந்தது 15 சதவீதம் வரி என்று 2021-இல் 136 நாடுகள் ஒப்புக்கொண்டன. 2025 ஜனவரியில் அமெரிக்கா, அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. நம் நாட்டிலும், மொரீஷியஸ் ஒப்பந்தத்தை 2016-இல் திருத்தியபோது பங்கு விற்ற லாபத்துக்கு வந்த வரி, டெரிவேட்டிவ் லாபத்துக்கு வரவில்லை.

பெருமக்களே! இந்தத் தந்திரம் புதிதல்ல. ஆட்டுக்கான ஜகாத்தில் 40 முதல் 120 வரை ஓர் ஆடு. மூன்று பேரிடம் தலா 40 இருந்தால் மூன்று ஆடுகள் வரும். வசூலிப்பவர் வரும் நேரம் மூன்று மந்தையையும் ஒன்றாக ஓட்டிவிட்டால்? 120-க்கு ஓர் ஆட்டோடு முடிந்தது! சில கணக்கில் பிரித்தால் லாபம், சில கணக்கில் சேர்த்தால் லாபம். ஜகாத்துக்கு அஞ்சிப் பிரிந்திருப்பதைச் சேர்க்கவும் சேர்ந்திருப்பதைப் பிரிக்கவும் கூடாது என்ற நபிமொழி புகாரியில் இருக்கிறது. இமாம் மாலிக் (ரஹ்) இந்த ஆட்டுக் கணக்கைச் சொல்லித்தான் அதை விளக்குகிறார்கள். சனிக்கிழமை மீன் பிடிக்கத் தடையுள்ள ஊரில் வெள்ளியன்றே வலை விரித்து ஞாயிறன்று அள்ளினார்களே, அவர்களும் விதியை எழுத்தளவில் மீறவில்லை.

அயர்லாந்தை ஏசிவிட்டு எழுந்துபோவது சுலபம். ஜி.எஸ்.டி. வரம்பைத் தாண்டாமலிருக்க ஒரே கடையை மனைவி பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று என்று பதிந்திருப்பவர் நம் ஸஃப்பிலும் இருக்கலாம். ஆண்டு நிறைவதற்குள் நகையைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிட்டு, ஜகாத் கடமையாகவில்லை என்பவரும் இருக்கலாம். இன்றைய வரிகளின் சட்டத்தில் ஆலிம்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு; பொய்க் கணக்கு எழுதுவதில் யாருக்கும் வேறுபாடு இல்லை.

அந்தத் தம்பியிடம் கடைசியாக, "எவ்வளவு போச்சு?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். மனைவியின் வளையல் அடகில் இருக்கிறது, அவருக்குத் தெரியாது. வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் இன்னும் சிலர் இங்கே இருப்பீர்கள். தொழுகை முடிந்ததும் என் அறைக்கு வாருங்கள், பெயர் வெளியே போகாது. நகையை மீட்க பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் தர ஜமாஅத் நிர்வாகிகள் சம்மதித்திருக்கிறார்கள். போனிலிருந்து அந்த ஆப்பை என் முன்னாலேயே அழிக்க வேண்டும். வீட்டில் உண்மையைச் சொல்ல வேண்டும். நிபந்தனை இவ்விரண்டும்தான்.