சக்கரம் செய்யாத குயவன்

நிரல் எழுதத் தெரியாத ஓவியர் ஒருவர் அபோஃபிசிஸ் மென்பொருளைத் திறக்கிறார். திரையில் சில முக்கோணங்கள். ஒவ்வொன்றும் ஒரு கணிதச் சார்பு. அதை அவர் அறிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு முக்கோணத்தின் முனையை மவுஸால் பிடித்து இழுத்தால், பக்கத்துச் சிறு சாளரத்தில் புகைபோலச் சுருண்டிருந்த ஒளிவடிவம் விரிகிறது, மடிகிறது, சில நேரம் சிதறியே போகிறது. உள்ளே ஓடுவது ஸ்காட் டிரேவ்ஸ் 1992இல் உருவாக்கிய ஃபிராக்டல் ஃப்ளேம் என்னும் கணக்குமுறை. கடைசியில் கிடைத்த படத்தின் கீழே ஓவியர் தம் பெயரைப் போட்டுக்கொள்கிறார். போடலாமா? கணக்குமுறை ஒருவருடையது, மென்பொருள் இன்னொருவருடையது, கூட்டிப் பெருக்கியது கணினி. பார்வைக்கு இது உரிமைத் தகராறு போல இருந்தாலும், கர்த்தா என்று யாரைச் சொல்வது என்று நம் தத்துவ மரபுகள் நெடுங்காலம் மல்லுக்கட்டிய கேள்விதான் இது.

சைவ சித்தாந்தம் எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணம் சொல்லும். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை என்னும் குயச்சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். சிவஞான சித்தியார் இதே கணக்கில்தான் மாயையை மண்ணாகவும், சத்தியைத் திரிகையாகவும், இறைவனைக் குயவனாகவும் வைத்து உலகப் படைப்பை விளக்குகிறது. நம் வழக்கில் சமன்பாடு மண், மென்பொருள் திரிகை, ஓவியர் குயவன். உடனே ஒரு தடை எழும்: படம் சமன்பாட்டுக்குள் ஏற்கெனவே இருந்ததுதானே? ஃபிராக்டல் படங்களுக்குப் பெயர்போன மாண்டல்பிராட் கணம் என்னும் எண்தொகுதி மனிதக் கற்பனை அல்ல, எவரெஸ்ட் சிகரம்போல அது அங்கே இருக்கிறது, நாம் கண்டுபிடித்தோம், அவ்வளவே என்பது கணிதவியலாளர் ரோஜர் பென்ரோஸின் கட்சி. சித்தாந்திக்கு இது அதிர்ச்சி தராது. காரியம் காரணத்தில் முன்பே உண்டு என்னும் சற்காரியவாதம் அவருடைய அடிப்படைக் கொள்கை. குடம் மண்ணில் இருந்தது என்று ஒப்புக்கொண்டபின்னும் அவர் குயவனை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.

பென்ரோஸ் சொல்வதைக் கணத்தைப் பொறுத்தவரை ஏற்கலாம். படத்துக்கு அது பொருந்தாது. ஓர் எண் தனக்குள் உண்டா என்றால் கணம் நம்மிடம் சொல்வது உண்டு, இல்லை என்ற இரண்டே விடை. பூஜ்யத்தில் தொடங்கி, வந்த எண்ணை வர்க்கமாக்கி, தேர்ந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். −1ஐத் தேர்ந்தால் 0, −1, 0, −1 என்று கட்டுக்குள் சுற்றும், அது கணத்துக்குள். 1ஐத் தேர்ந்தால் 0, 1, 2, 5, 26 என்று ஓடிவிடும், அது வெளியே. நீலமும் பொன்னும் இதில் எங்கே? எங்கும் இல்லை. எத்தனையாவது படியில் எண் தப்பியோடியது என்பதைப் பார்த்து, அந்தப் படிக்கு இந்த நிறம் என்று யாரோ ஒருவர் ஒதுக்குகிறார். எல்லையில் எந்த மூலையைப் பெருக்கிக் காட்டுவது, எவ்வளவு சாய்ப்பது, அல்ட்ரா ஃபிராக்டல் போன்ற மென்பொருளில் எந்த அடுக்கின்மேல் எதை ஏற்றுவது, இவையும் கணத்தில் எழுதி வைத்தவை அல்ல. சட்டமும் நிறமும் இல்லாமல் படம் ஏது?

இதைவிட வலுவான தடையை நியாய மரபிலிருந்து எடுக்கலாம். நையாயிகர் கர்த்தாவுக்கு மூன்று தகுதி கேட்பார்கள்: மூலப்பொருளைப் பற்றிய நேரடி அறிவு, செய்ய வேண்டும் என்ற விருப்பம், முயற்சி. முதல் தகுதியிலேயே நம் ஓவியர் தோற்றார் என்று தோன்றும்; கலப்பெண் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் கேட்பது எந்த அறிவை? களிமண்ணின் வேதியியலைக் குயவனிடம் யாரும் கேட்பதில்லை. ஈரம் கூடினால் விளிம்பு சரியும் என்று அவன் கைக்குத் தெரிந்தால் போதும். சமன்பாட்டை அறிந்தவருக்குப் படம் தெரிந்துவிடும் என்பதும் உண்மையல்ல. மாண்டல்பிராட்டே தம் கணம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பது என்றுதான் முதலில் கருதினார். அது ஒரே துண்டு என்று பின்னர் நிறுவியவர்கள் கணிதவியலாளர்கள் துவாதியும் ஹப்பார்டும். இத்தனைக்கும் அந்தச் சமன்பாடு ஒரு வரிதான். சூத்திரத்தைக் கரைத்துக் குடித்தவரும் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முக்கோணத்தை எந்தப் பக்கம் இழுத்தால் சுருள் இறுகும் என்று பழக்கத்தில் அறிந்தவருக்கு இருப்பது நேரடி அறிவு இல்லையென்றால் வேறு எது நேரடி அறிவு?

எல்லோருக்கும் இதனால் பட்டம் கிடைத்துவிடாது. அபோஃபிசிஸ் தானாகவே ஒரு பட்டியல் நிறையத் தற்செயல் வடிவங்களை உருட்டிக் கொடுக்கும். அதில் முதலாவதை அப்படியே சேமித்தவரிடம் அந்தப் படத்துக்கான விருப்பமும் இல்லை, முயற்சியும் இல்லை. கர்த்தா என்ற பெயர் அவருக்குச் சேராது. நிரல் நன்றாகத் தெரிந்தவர் அதையே செய்தாலும் தீர்ப்பு மாறப்போவதில்லை. பட்டியலில் நூறைத் தள்ளி ஒன்றை எடுத்தவர்? தள்ளியதற்குக் காரணம் சொல்லத் தெரிந்தால் அவரைப் பாதிக் கர்த்தா என்பேன். நையாயிகர் என்னோடு சண்டைக்கு வரக்கூடும்.

ஓர் இடத்தில் மட்டும் சித்தியாரின் உவமை இங்கே முழுதாகப் பொருந்தவில்லை. இறைவனுக்குத் திரிகை வெளியிலிருந்து வந்ததல்ல, அவனுடைய சத்தியே. தானே மென்பொருளும் எழுதிப் படமும் வரைபவர்தாம் அந்த இறைவனுக்குச் சற்று அருகில் வருவார். நிரல் தெரியாத ஓவியர் தெருக்கோடிக் குயவனுக்கு உறவு; அவன் சுற்றும் சக்கரத்தையும் யாரோ ஒரு தச்சர்தான் செய்து கொடுத்திருப்பார். தச்சருக்கு உரிய கூலியும் பெயரும் போக வேண்டும், டிரேவ்ஸின் பெயர் படத்தோடு சேர்ந்து வருவதும் நியாயம். குடத்தை மட்டும் தச்சர் கணக்கில் எழுத முடியாது.