அரைமணி நேரப் பஞ்சு

கல்வித் தத்துவத்தில் 'அனுபவம்' என்ற சொல் படும் பாடு கொஞ்சமல்ல. பிள்ளைகள் எதையாவது வெட்டி ஒட்டினாலே அனுபவக் கல்வி நடந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சொல்லுக்குக் கனம் சேர்த்த ஜான் டூயி இதை ஏற்றவரல்லர். 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய சோதனைப் பள்ளியில் பிள்ளைகள் பருத்தியையும் கம்பளியையும் கையாண்டு பார்த்தார்கள். ஒரு குழு அரைமணி நேரம் கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரித்தும் ஒரு அவுன்ஸ்கூடத் தேறவில்லை. தங்கள் முன்னோர் ஏன் பருத்தியை விட்டுக் கம்பளியை உடுத்தினார்கள் என்பது அப்போது விளங்கியது. பஞ்சு பிரிப்பது வேலை. விளைந்ததைக் காரணத்தோடு பொருத்திப் பார்த்தபோதுதான் அது அனுபவமாயிற்று.

பிள்ளை மகிழ்ச்சியாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இன்பமான அனுபவமும் அசட்டையை வளர்த்து மேற்கொண்டு கற்பதற்குத் தடையாகலாம் என்று 1938இல் வெளியான 'அனுபவமும் கல்வியும்' நூலில் டூயி வாதிட்டார். அப்படியானால், அடுத்த கற்றலுக்கு வழிவிடுவதே கல்வி என்று வைத்தால், திருடனும்தானே தொழிலில் தேறிக்கொண்டே போகிறான்? வலுவான ஆட்சேபம், டூயியே அதை எடுத்துப் பேசினார். ஒரு திசையில் வளர்வது மற்றத் திசைகளைத் திறக்கிறதா, அடைக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். துல்லியமான அளவுகோல் அல்லதான். எந்தக் கேள்வி எங்கே இட்டுச்செல்லும் என்ற ஆசிரியரின் முன்யோசனையை நம்பியே அது நிற்கிறது. மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடமில்லை என்பது வேறு விஷயம்.