சாட்சியும் கடிகாரமும்

உண்மையைச் சொல்ல வேண்டும் என்னும் விருப்பம் மட்டுமே ஒருவரை நம்பத்தக்க சாட்சியாக்கிவிடுமா? பொய் பேசவே அறியாத எந்திரங்களை முன்வைத்து இதனை எண்ணிப் பார்ப்போம்.

2003 ஆகஸ்ட் 14 அன்று பிற்பகல், அமெரிக்காவின் வடகிழக்கு, நடுமேற்குப் பகுதிகள் பலவும் கனடாவின் ஒன்டாரியோவும் மின்சாரத்தை இழந்தன. ஏறத்தாழ 5 கோடி மக்கள் பாதிக்கப்பட்டனர். இறுதிக்கட்டச் சரிவு சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. எந்த மின்தடம் முதலில் துண்டிக்கப்பட்டது, எது அதன் விளைவு என்று கண்டறிய, இரு நாட்டுக் கூட்டுக்குழு ஆயிரக்கணக்கான பதிவுகளை நெடுநாள் ஆராய வேண்டியதாயிற்று. கருவிகள் கண்டதைக் கண்டபடியே பதிந்திருந்தன; ஆனால் பலவற்றின் கடிகாரங்கள் தம்முள் ஒத்துப்போகவில்லை. ஒன்று சில நொடிகள் முந்தினாலும் விளைவு காரணத்திற்கு முன்னே வந்து நின்றுவிடும். பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம் என்றாகிவிடும். ஆகவே, பதிவுக் கருவிகள் யாவும் ஒரே நேரத்தைப் பின்பற்ற வேண்டுமென 2004-இல் அக்குழு பரிந்துரைத்தது.

அந்தப் பொது நேரத்தைத் தருபவை ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள். அவற்றில் அணுக்கடிகாரங்கள் உள்ளன. பூமியிலுள்ள கருவியிலோ நாளுக்கு ஒரு நொடிகூடப் பிசகக்கூடிய எளிய குவார்ட்ஸ் கடிகாரமே இருக்கிறது. தான் இருக்குமிடத்தை அறிய மூன்று அளவுகள் வேண்டும். அதற்கு மூன்று செயற்கைக்கோள்கள் போதுமே என்று தோன்றும். ஆனால் கருவி நான்கைத் தேடுகிறது. நான்காவது எதற்கு? தன் கடிகாரத்தின் பிழையைக் கண்டுபிடிக்க. ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தொலைவில் 300 மீட்டர் தவறும். எனவே அது தன்னைச் சரியென்று கொள்வதில்லை. தன் பிழையையும் அறியவேண்டியவற்றுள் ஒன்றாக வைத்தே கணக்கிடுகிறது.

நம் குடும்பச் சச்சரவுகளில் இந்த நான்காவது கணக்கைப் போடுவோர் அரியர். “அவர்தாம் முதலில் தொடங்கினார்” என்று இருதரப்பாரும் சொல்வர். இருவரும் மனமறிந்து பொய் சொல்வதில்லை. தவறானதை உண்மையென நம்பிச் சொல்பவர் பொய்யர் அல்லர் என்றார் புனித அகுஸ்தினார். எனினும், நம்பத்தகாததை நம்புவோரும் அறியாததை அறிந்ததாக எண்ணுவோரும் குற்றமற்றவர் அல்லர் என்றும் அவரே சேர்த்துச் சொன்னார். முற்பகுதியை நாம் விரும்பி நினைவிற் கொள்கிறோம். பிற்பகுதி எளிதில் மறந்துவிடுகிறது.

அப்படியானால் வானத்து நேரத்தை அப்படியே நம்பிவிடலாமா? 2016 சனவரி 26 அன்று பழைய செயற்கைக்கோள் ஒன்றைப் பணியிலிருந்து நீக்கியபோது, வேறு பல செயற்கைக்கோள்கள் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 13 பங்கு பிசகிய நேரத் தகவலைப் பல மணி நேரம் அனுப்பின. மிகச் சிறிய பிசகுதான். ஆயினும் தொலைத்தொடர்பு நிலையங்களில் எச்சரிக்கைகள் எழுந்தன. வானிலிருந்து வரும் நேரத்தைத் தம்மிடமுள்ள நல்லதொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிலையங்களால் இத்தகைய பிசகை உடனே அறிய முடியும். வந்ததை வந்தபடி ஏற்கும் கருவியோ, தவறான நேரத்தையும் அதே ஒழுங்குடன் எழுதிக்கொண்டே போகும்.