ஊசி பொய் சொல்லுமா?



"என் மனச்சாட்சிக்கு விரோதமாய் நான் ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்லுகிறவர்கள் நம்மில் அநேகர். சொல்லுகிறது மெய்தான். அந்த மெய் போதுமா என்பதே கேள்வி.

மாலுமியின் காந்த ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கைக் காட்டும் என்கிறோம். உள்ளபடி அது காட்டுவது காந்த வடக்கை. மெய்யான வடக்குக்கும் அதற்கும் இடையேயுள்ள கோணத்தைக் காந்த ஒதுக்கம் என்பார்கள். நமது காஞ்சிபுரத்தில் அது இப்போது மேற்கே 2 பாகைக்கும் குறைவு. அற்பம் என்று தள்ளிவிடாதீர்கள். 1 பாகை பிசகினால் 60 மைல் போவதற்குள் 1 மைல் விலகிப்போவோம். அதுவும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும். லண்டன் பட்டணத்தில் 1580-ல் கிழக்கே 11 பாகையாயிருந்தது, 1820-ஐ ஒட்டி மேற்கே 24 பாகையாயிற்று. பாட்டனார் குறித்துவைத்த திருத்தத்தைப் பேரன் அப்படியே நம்பிக் கப்பல் ஓட்டினால் பாறையில்தான் ஏறுவான்.

1538-ல் லிஸ்பனிலிருந்து கோவாவுக்குக் கப்பலேறிய ஜோவான் தெ காஸ்த்ரோ என்னும் போர்த்துக்கேயப் பிரபு, வழிநெடுக இந்த ஒதுக்கத்தை அளந்து எழுதினார். (பின்னால் போர்த்துக்கேய இந்தியாவின் அதிபதியாகி, 1548-ல் நம் அர்ச். சவேரியார் அருகிலிருக்க மரித்தவர் இவரே.) ஒருநாள் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. காரணம் தேடினார். கருவிக்குப் பக்கத்திலிருந்த பீரங்கியின் இரும்பு ஊசியை இழுத்துக்கொண்டிருந்தது!

ஆக, ஊசிக்கு இரண்டு இழுப்பு. ஒன்று இடத்தினுடையது, மற்றது நாமே கப்பலில் ஏற்றிவந்த இரும்பினுடையது. மனச்சாட்சிக்கும் அப்படியே என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளி குறைந்த ஜரிகையை அசல் என்று விற்கிறவர், "கடைத்தெருவில் எல்லாரும் செய்கிறதுதானே" என்கிறார். இது ஊரின் இழுப்பு. நெசவாளியின் கூலியைப் பிடித்துக்கொண்டு, "கொடுத்தால் குடித்துவிடுவான்" என்று நியாயம் சொல்லுகிறவருக்குப் பீரங்கி வெகு கிட்டத்தில் இருக்கிறது. இருவரும் இரவில் நிம்மதியாய்த் தூங்குகிறார்கள். ஊசி ஆடாமல் நிற்கிறது. நிற்கிற இடம் வடக்கல்ல.

ஊசியையே உற்றுப் பார்த்து அதன் பிசகைக் கண்டுபிடிக்க முடியாது. காஸ்த்ரோ சூரியனைப் பார்த்தார். முற்பகலிலும் பிற்பகலிலும் சூரியன் ஒரே உயரத்தில் நிற்கையில் விழும் இரு நிழல்களுக்கு நடுக்கோடே மெய்யான வடக்கு தெற்கு. தரையில் வட்டம் போட்டு, நடுவே சங்கு நட்டு, நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இரண்டு இடங்களைக் குறித்துத் திசை காண்பது கோவில் கட்டும் ஸ்தபதிகள் நெடுங்காலமாய் அறிந்த முறை. காந்தம் அதில் தலையிட வழியில்லை.

மனச்சாட்சிக்கு அந்தச் சங்கு எது? பத்துக் கற்பனைகள் என்று ஞானோபதேச வகுப்புப் பிள்ளையும் சொல்லும். சரியே. ஆனால் பீரங்கி பக்கத்திலேயே இருந்தால், ஏழாம் கற்பனையும் வேறு யாருக்கோ எழுதினதாய்த் தோன்றும். ஆகையால் அந்தக் காரியத்தில் லாபமும் நஷ்டமும் இல்லாத ஒருவரிடம் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். கூலி குறைந்த நெசவாளியையும் கேளுங்கள். அவர் ஊசி மறுபக்கம் இழுக்கப்படலாமே என்பீர்கள். இருக்கட்டும், காஸ்த்ரோ காலை நிழலை மட்டுமா குறித்தார்?