பெறாதவள் உள்ளே நிற்கலாமா?

குழந்தை பெறாத பெண்ணைப் பிரசவம் நடக்கும் இடத்தில் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துப் புத்தலப்பட்டில் தமிழ் பேசும் வீடும் தெலுங்கு பேசும் வீடும் எத்தனையோ விஷயங்களில் வேறு வேறு, இதில் மட்டும் ஒன்று. இடுப்பு வலி என்று தெரிந்ததும் கல்யாணமாகாத பெண்களையும், கல்யாணமாகி இன்னும் பிள்ளை உண்டாகாதவர்களையும் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "பார்த்தா பயந்துக்குவா" என்பதுதான் காரணம். பின்கட்டில் உட்கார்ந்தவளுக்குக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காதுக்கு எல்லாம் கேட்கும். பயம் எப்படிப் போகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எழுதிய சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. பிரசவ அறையில் பெண்ணோடு துணைக்கு ஒருவர் நிற்கலாம் என்று தமிழ்நாடு 2004-லேயே அரசு மருத்துவமனைகளில் வழி செய்தது. 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுதும் அதை அனுமதித்தது. நல்ல காரியம். ஆனால் துணைக்கு வருபவர் யார் என்று சொல்லும் இடத்தில், பெண் உறவினராக இருக்க வேண்டும், முடிந்தவரை பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும் என்று ஒரு வரி. அதற்குப் பக்கத்திலேயே, மறைப்பு வசதி உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்று இன்னொரு வரி. ஜென்மத்துக்கும் பிள்ளை பெறப்போகாத ஆணுக்கு இடம் உண்டு. நாளைக்குப் பெறப்போகிற தங்கைதான் யோசிக்க வேண்டிய ஆள்.

நான் அந்தத் தங்கையாக உள்ளே நின்றவள்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாங்காய் சீசன். சித்தூர் சாலையில் பழக்கூழ் தொழிற்சாலை வாசலில் தோத்தாபுரி ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி நிற்கும் மாதம். அவற்றுக்கு நடுவில் ஆட்டோ நுழைந்து ஆஸ்பத்திரி சேர்வதற்குள் அம்மா பாதி உயிராகிவிட்டாள். உள்ளே போனதும் அக்காவின் ஒவ்வொரு வலிக்கும் அம்மா அழ ஆரம்பித்தாள். கடைசியில் அக்காவே சொன்னாள், "அம்மாவ வெளிய உட்காரச் சொல்லு. நீ வாடி." சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, பிள்ளை இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்தவர், "கீழே விழுந்தா உன்னத் தூக்க எனக்கு ஆள் கிடையாது" என்று தமிழில் எச்சரித்துவிட்டு உள்ளே விட்டார்.

சினிமாப் பிரசவம் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி வெந்நீர் எடுத்துக்கொண்டு ஓடுவாள், ஒரு அலறல், உடனே மூன்று மாதக் குழந்தை ஒன்று துணியில் சுற்றி வரும். நிஜத்தில் நான் பார்த்ததில் பெரும்பகுதி காத்திருப்பு. வலி தொடர்ந்து இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வரும், ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும், போய்விடும். நடுவில் உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. அந்த இடைவெளியில் அக்கா, நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள். வலி நெருங்கி நெருங்கி வந்த பிறகும் கிடைத்த ஓரிரு நிமிடத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். வராந்தாவில் இருப்பவர்களுக்குக் கேட்பது உச்சி மட்டும். இடைவெளி வெளியே கேட்காது.

"நாலு விரல்தான்" என்று சிஸ்டர் கருப்பை வாய் திறந்த அளவைச் சொல்லிவிட்டுப் போவார். வெளியே அதைக் கேட்டு, இன்னும் இவ்வளவு நேரமா என்று பதறுவார்கள். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்பது நெடுங்காலக் கணக்கு. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் அந்தக் கணக்கை எல்லாப் பெண்களுக்கும் பொருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஐந்து சென்டிமீட்டர் வரை மெதுவாகத்தான் போகலாம், அதன் பிறகும் தலைப்பிரசவத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம், தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் அவசரப்படுத்தத் தேவையில்லை என்பது அதன் வழிகாட்டுதல். எங்கள் வராந்தாவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பிள்ளையின் தலை முதலில் தெரிந்தது ஒரு ரூபாய் அகலத்துக்கு. சுருங்கிய தோலும் ஈர முடியும். தலை என்றே எனக்குப் புரியவில்லை. முக்கும்போது வெளியே வரும், நிறுத்தினால் உள்ளே போய்விடும். போய்விட்டதே என்று நான் பதறினேன். சிஸ்டர் பதறவில்லை, அது அப்படித்தான் என்றார். பிறகு எல்லாம் வேகம். குழந்தை நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் வந்தது, மேலெல்லாம் வெள்ளை மெழுகு. அழுததும் மார்பிலிருந்து சிவப்பு பரவியது. கையும் காலும் மட்டும் வெகு நேரம் நீலமாகவே இருந்தன. கொடி நான் நினைத்ததைவிடத் தடிமன், முறுக்கிக்கொண்டு, தொட்டால் துடித்தது. ஒரு நிமிடமாவது பொறுத்துத்தான் வெட்டினார்கள். அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரும் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது.

இதற்குப் பின் நடந்ததைத்தான் எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. குழந்தை பிறந்ததும் கதை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அறையில் இருந்த யாரும் அப்படி நினைக்கவில்லை. தொடையில் ஒரு ஊசி போட்டார்கள், கருப்பை சுருங்குவதற்கு. நஞ்சு வந்தது. சிஸ்டர் அதை ஒரு தட்டில் விரித்துப் போட்டு, புரட்டி, விரலால் தடவி, எங்காவது துண்டு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அக்காவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், போகிற ரத்தத்தைப் பார்த்தார், மறுபடி அழுத்தினார். குழந்தையை யாரும் கொஞ்சவில்லை. பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பதற்கு உலகெங்கும் முதல் வரிசையில் நிற்கும் காரணம் பிள்ளை பிறந்த பிறகு நிற்காத ரத்தப்போக்கு. அதற்கான காவல் நேரம் அது. அதே நேரத்தில் வராந்தாவில் மாமா எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தையல் போட்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குப் பிள்ளையே வேண்டாம் என்றுதான் இருந்தது. பிரசவ வைராக்கியம் என்பார்களே, அது பெற்றவளுக்கு வருவது. பார்த்தவளுக்கும் வரும். வேடிக்கை என்னவென்றால், அக்காவின் வைராக்கியம் பிள்ளை பால் குடிக்க ஆரம்பித்ததும் கரைந்துவிட்டது. என்னுடையது இன்னும் சில வாரம் இருந்தது.

ஆகவே, பார்த்தால் பயம் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். போகவில்லை. ஆனால் பயத்துக்கு ஒரு வரிசை கிடைத்தது. எது முதலில், எது அடுத்து, எங்கே மூச்சு வாங்கலாம், எங்கே யாரைக் கேட்க வேண்டும் என்று. பிள்ளைப்பேற்றைப் பற்றிய கடும் பயத்தை 1858-லேயே லூயி விக்டர் மார்சே என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். முதல் முறை கருவுற்றவர்களுக்குத் தெரியாத வலியை எதிர்பார்ப்பதே வேதனை என்பது அவர் கண்டது. நம் வீடுகளில் அந்தத் தெரியாத வலியைத்தான் பின்கட்டில் உட்கார வைத்துப் பத்திரமாக வளர்க்கிறோம்.

நானே வயிற்றோடு இருந்தபோது இது உதவியது. ஒவ்வொரு செக்கப்பிலும் கேட்க என்னிடம் கேள்வி இருந்தது. வலி வந்த பிறகு நடக்கலாமா, மல்லாந்து படுக்காமல் சாய்ந்து உட்காரலாமா, எந்தக் கட்டத்தில் ஆபரேஷன் என்று முடிவு செய்வீர்கள், என்னோடு யார் நிற்கலாம். டாக்டர் அம்மா கொஞ்சம் சலித்துக்கொண்டாலும் பதில் சொன்னார். பிறகு நடந்தது வேறு. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியது, ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அக்காவிடம் நான் பார்த்த முடிவு எனக்கு வரவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆந்திரத்தில் நூறு பிரசவத்தில் 42-க்கு மேல் சிசேரியன், தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45. நான் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், திரைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, குழந்தை அழுத சத்தம் கேட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி, "நஞ்சு முழுசா வந்துடுச்சா?" மயக்க மருந்து டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கு அது சிரிக்கிற கேள்வியாக இல்லை.

எங்கள் பக்கத்தில் பிரசவம் சிக்கலானால், "வேலூருக்குக் கூட்டிட்டுப் போ" என்பார்கள். சித்தூருக்கு வேலூர் பக்கத்து ஊர். 1911-ல் சித்தூர் தனி மாவட்டம் ஆகும் வரை இரண்டும் வட ஆர்க்காட்டில்தான் இருந்தன. வேலூரில் இருக்கும் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியே பிரசவ அறைக்கு வெளியே நின்ற ஒரு பெண்ணிலிருந்து வந்தது என்று சொல்லலாம். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடருக்கு, திண்டிவனத்தில் மிஷனரியான அப்பா வீட்டில் இருந்தபோது சுமார் இருபது வயது. ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் வந்து பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, அப்பாதான் டாக்டர் என்றார் அவர். ஆண் வேண்டாம் என்று மூவரும் போய்விட்டார்கள். காலைக்குள் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். மிஷன் வேலையே வேண்டாம் என்றிருந்த பெண் அமெரிக்கா போய் 1899-ல் டாக்டர் ஆகி, 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வட ஆர்க்காட்டுப் பெண்களின் பிரசவத்துக்குத் துணை நின்ற அந்த அம்மாவை, பெறாதவள் என்று வாசலில் நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

அக்காவுக்குப் பிரசவம் பார்த்த அறையில் நர்சிங் படிக்கும் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பத்தொன்பது, இருபது வயது, கல்யாணமாகாதவர்கள். படிப்பு முடிக்க அவர்கள் பிரசவம் பார்த்தே ஆக வேண்டும். அந்தப் பெண்கள் பயந்து கல்யாணம் வேண்டாம் என்று ஓடிவிடுவதில்லை. அவர்களும் பிள்ளை பெறுகிறார்கள்.

ஆய்வும் இதற்கு எதிராக இல்லை. பிரசவ நேரம் முழுதும் ஒருவர் துணை நிற்பதைப் பற்றி 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை 2017-ல் தொகுத்துப் பார்த்தார்கள், 15,000 பெண்களுக்கு மேல். துணை இருந்த பெண்களுக்கு வலி நேரம் குறைந்தது, சிசேரியன் குறைந்தது, அனுபவம் கசப்பாக இருந்தது என்று சொன்னவர்களும் குறைவு. துணை நின்றவர்களில் ஆஸ்பத்திரி ஊழியர்களும் உண்டு, பயிற்சி பெற்ற பெண்களும் உண்டு, கணவர்களும் உண்டு. பெற்றவளாக இருந்தால்தான் பலன் என்று அதில் இல்லை. கூட நிற்க வேண்டும், கையை விடக் கூடாது. அவ்வளவுதான் தேவை.

பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனதை நான் குறை சொல்லமாட்டேன். 1992-93-ல் இந்தியாவில் நூற்றுக்கு 26 பிரசவம்தான் ஆஸ்பத்திரியில் நடந்தது. 2019-21-ல் 88-ஐத் தாண்டிவிட்டது, ஆந்திரத்தில் 96. பிழைத்த தாய்மார்களின் எண்ணிக்கை அதில் இருக்கிறது. ஆனால் பாட்டி காலத்தில் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்த பெண் திரை விலகும்போது எதையாவது பார்த்திருப்பாள். இப்போது கதவு மூடினால் மூடியதுதான். செல்போனில் பார்க்கலாமே என்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன். அதில் வலி இருக்கும், பிள்ளை இருக்கும், காத்திருப்பை வெட்டியிருப்பார்கள். அந்தக் காத்திருப்பில்தான் பெண்ணுக்குத் தைரியமே வருகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. பிரசவிப்பவளின் உடம்பு யாருக்கும் பாடசாலை அல்ல. கேட்காமல் கூட்டமாக வந்து நின்று பார்ப்பது மாணவர்கள் செய்தாலும் தப்பு, நாத்தனார் செய்தாலும் தப்பு. அக்கா கூப்பிட்டதால் நான் போனேன். அவள் கூப்பிடாமல் நானாகப் போய் நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு எனக்கு உரிமை கிடையாது. அதுபோலவே, வேண்டாம் என்று தயங்கும் தங்கையைப் பிடித்து உள்ளே தள்ளுவதும் கூடாது. சில பிரசவங்கள் நல்லபடி முடியாது. அதைத் தாங்குவோமா என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும்.

அதனால் நான் கேட்பது சின்ன திருத்தம். சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலில் ‘பிள்ளை பெற்ற அனுபவம்’ என்ற சொற்களை எடுத்துவிட்டு, பிரசவிக்கும் பெண் யாரைக் கேட்கிறாளோ அவர் என்று எழுதட்டும். அது நடக்கும் வரை, உங்கள் வீட்டில் அடுத்து யாராவது தலைப்பிரசவத்துக்கு வந்தால், ஏழாம் மாதத்திலேயே அவளிடம் கேட்டுவிடுங்கள், "உள்ளே யார் வரணும்?" தங்கை பெயரைச் சொன்னால் தடுக்காதீர்கள்.