அழைக்கப் போகிறவர்கள்

1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து எரிக் நெவில் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதச் சொற்பொழிவு நிகழ்த்த வந்தவரிடம் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி இன்னொரு பொறுப்பையும் ஒப்படைத்திருந்தார். திருவல்லிக்கேணியில் குடியிருந்த ராமானுஜனை இங்கிலாந்துக்கு வரச் சம்மதிக்க வைக்க வேண்டும். அழைக்க வந்தவருக்கு 25 வயது. அழைக்கப்பட்டவருக்கு 26.

முந்தைய ஆண்டே வர மறுத்தவர் ராமானுஜன். நெவில் அவரை வற்புறுத்தவில்லை. மனத்தில் கிடந்த தயக்கங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதில் சொன்னார். செலவுக்கு என்ன செய்வது? ஆங்கிலம் போதுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? மறுபடி பரீட்சை எழுதச் சொல்வார்களா? பணத்துக்காகப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கிடைத்தது. மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பலேறினார். ஏப்ரல் 14 அன்று லண்டனில் வந்து இறங்கியபோது நெவில் அங்கே காத்திருந்தார். பிறகு கேம்பிரிட்ஜில் தம் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார்.

மாணவர் சேர்க்கைக்காக வெளிநாடு போகிற வேலையில் இருக்கும் எனக்கு இந்தக் கடைசிச் செய்திதான் பெரிதாகப் படுகிறது.

*

எங்களுடையது சென்னையில் உள்ள ஒரு மேலாண்மைக் கல்லூரி. கொழும்பு பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் கல்விக் கண்காட்சியில் எங்களுக்கும் ஒரு மேசை. ஒரு பக்கம் ஆஸ்திரேலியா, மறுபக்கம் மலேசியா. மேசையில் கையேடுகள், பேனாக்கள், வேலைவாய்ப்புப் பட்டியல்.

யாழ்ப்பாணத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். கையேட்டை வாங்கினார், பிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு வந்தா அங்க ஆர் பாப்பினம்?"

அந்தக் கேள்விக்குக் கையேட்டில் பக்கம் கிடையாது. விடுதிக் காப்பாளர், மருத்துவமனை, காப்பீடு என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் கேட்டது ஓர் ஆளை. அந்த ஆள் நானாக இருக்க முடியுமா என்பதுதான் அன்று முழுவதும் எனக்குள் ஓடியது.

*

சென்னையில் இதே மேசையின் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கலாம். ராதாகிருஷ்ணன் சாலையிலும் தி. நகரிலும் உள்ள ஹோட்டல் கூடங்களில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தார் வந்து உட்காருகிறார்கள். நம் அப்பாக்கள் பிளாஸ்டிக் ஃபைலோடு வரிசையில் நிற்கிறார்கள். அதில் மதிப்பெண் சான்றிதழ்களுக்குக் கீழே வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ் இருக்கும். வங்கியில் கல்விக்கடன் பொதுவாக 7.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஈடு கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர்களுக்குத் தெரியாதது, போகிற நாட்டின் விதி எப்போது மாறும் என்பது. படிப்பு முடிந்தபின் அங்கேயே தங்கி வேலை தேடும் வசதியைப் பிரிட்டன் 2012-இல் நிறுத்தியது. 2021-இல் மறுபடி கொடுத்தது. 2024 ஜனவரியிலிருந்து பெரும்பாலான முதுநிலை மாணவர்கள் குடும்பத்தை உடன் அழைத்துப்போக முடியாது என்றது. அதே ஆண்டு கனடா மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்தது. விதி மாறும்போது அழைக்க வந்தவர் அடுத்த ஊரில் இருப்பார். பத்திரம் வங்கியில் இருக்கும்.

*

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். இந்தியாவுக்குப் படிக்க வந்தவர்கள், 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, எல்லா நாட்டவரும் சேர்த்து 46,878 பேர். அவர்களில் கால் பங்குக்கு மேல் நேபாளத்தவர். இந்த எண்ணிக்கையைக் கூட்டத்தான் 2018-இல் மத்திய அரசு 'ஸ்டடி இன் இந்தியா' திட்டத்தைத் தொடங்கியது. எங்களைப் போன்றவர்களும் கிளம்பினோம்.

கூட்டுவது நல்ல காரியம்தான். ஆனால் வருகிறவரிடம் நாம் முதலில் சொல்ல வேண்டியவை சில உண்டு. படிப்பு விசாவில் இங்கே பகுதிநேர வேலை பார்க்க முடியாது. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வெளியே வீடு எடுத்தால் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். இவற்றைச் சொன்னால் சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும்.

*

தான்சானியாவிலிருந்து வந்த மாணவர் ஒருவருக்காக மயிலாப்பூரில் வீடு தேடினோம். ஒரு வீட்டில் அம்மா வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: "எங்களுக்கு ஆட்சேபணை இல்ல சார். ஃபாரினர்னா போலீஸ் பேப்பர் எல்லாம் கேப்பாங்களாமே?" வந்த 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவத்தை ஆன்லைனில் பதிய வேண்டும், அவ்வளவுதான் என்று போனில் திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். பிறகு அந்தப் பையனைப் பார்த்து, "காபி சாப்பிடுவியாப்பா?" என்றார்.

அவ்வளவில் முடிகிற காரியம். யாராவது ஒருவர் கூட நிற்க வேண்டும்.

*

எவ்வளவு கூட நின்றாலும் எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது. ராமானுஜன் போன சில மாதங்களில் உலகப் போர் மூண்டது. சாப்பாடும் குளிரும் படுத்தின. 1917-இல் நோயில் விழுந்தார். 1919-இல் திரும்பி வந்து, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். நெவிலின் வீடு திறந்திருந்ததால் விதி மாறவில்லை. ஆனாலும் ஒரு மனிதர் செய்யக்கூடியதை அவர் செய்தார்.

இன்று இந்தத் தொழிலில் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு முகவருக்குக் கமிஷனாகப் போகிறது. மாணவர் சேர்ந்த அன்றே கணக்கு முடிந்துவிடுகிறது. அழைத்தவரின் பொறுப்பு உண்மையில் அன்றுதான் தொடங்குகிறது.

இந்த வேலையில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் அழைத்த பிள்ளை வந்து இறங்கும் நாளில் விமான நிலையத்துக்குப் போங்கள். பெற்றோரிடம் உங்கள் சொந்த எண்ணைக் கொடுங்கள். முதல் மாதம் வாரம் ஒரு முறையாவது, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், அத்தனை பேரை அழைக்காதீர்கள்.